பல்லவியோடு நின்ற பாட்டு

மயிலாப்பூரில் எங்கள் மாடி வீட்டுக்காரர் சிடி பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஒரு பெட்டி வைத்தார். பழைய ரேடியோவில் எரியுமே, அதுபோல இரண்டு வால்வு அதில் எரியும். பாட்டுக்குக் குழைவு வருமாம்.

ஃபேனை நிறுத்தி, மனைவியைக் குக்கரையும் இறக்கச் சொல்லிவிட்டு, பனியனோடு கண்ணை மூடி உட்காருவார். பல்லவி முடிந்ததும் ஒயரை மாற்றி, பெட்டி இல்லாமல் அதே பல்லவியைப் போடுவார். ஒருநாள் என்னையும் கேட்கக் கூப்பிட்டார்.

"வித்தியாசம் தெரியறதா மாமி?"

வியர்வையைத் துடைத்தபடி தலையாட்டினேன். எனக்கு உயிரான பாட்டு அது. கூச்சத்தை விட்டு, "சரணமும் போடுங்கோளேன்" என்றேன்.

கண்ணைத் திறந்தார். "பாட்டு கேக்கணும்னா உங்காத்துலயே ரேடியோ இருக்கே மாமி!"

மறுபடி ஒயரைக் கழற்றினார். அந்தச் சரணத்தை அவராவது கேட்டாரா என்று இன்னும் யோசிக்கிறேன்.