வேகாத சுவரொட்டி

கட்டிலில் என் பெண்டாட்டி. ஓரத்தில் என் மாமியார். கால்மாட்டில் மச்சான், பெண்டாட்டியின் அண்ணன். சுவரோரம் அவர் சம்சாரம். வாசலில் என் அக்கா, எங்கள் பச்சைப்பிள்ளையோடு. நடுவில் டாக்டரம்மா. அப்புறம் நான்.

ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரி. பிள்ளை பிறந்ததும் ரத்தம் நிற்காமல் போய்விட்டது அவளுக்கு. ரத்தம் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். ரத்தம் கேட்டபோது மச்சான், "பாத்தாலே எனுக்கு மயக்கம் வரும் மாப்ளே" என்று டீக்கடைக்குப் போனவர்.

அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "ரத்தம் போனா உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும்தான் முதல்ல அனுப்பும். குடல் பட்டினி கெடக்கும். வாய், குடல், நெஞ்சு, எல்லாத்துலயும் உள்ளே மெல்லிசா ஒரு தோல் இருக்கு. கிருமியைத் தடுக்கறது அதுதான். இப்ப அதுக்குத் தெம்பு இல்ல. எதுவானாலும் நல்லா வேகவச்சுக் குடுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டுவதற்குக் காசா பணமா.

மறுநாள் ஷிப்ட் முடிந்து திருமுல்லைவாயில் வீட்டுக்கு வந்தேன். மச்சான் கையில் தட்டு. ஆட்டுச் சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, தணலில் சும்மா காட்டி அவளுக்கு ஊட்டியிருக்கிறார். மிச்சத் துண்டில் ரத்தம் கசிந்தது.

"வேகலையே மச்சான்."

"வெந்தா சத்து பூடும் மாப்ளே. ரத்தம் போனவளுக்கு ரத்தம்தான் குடுக்கணும். அந்தம்மாவுக்கு இன்னா தெரியும்?"

"துன்னு முடிச்சிட்டா," என்றாள் அவர் சம்சாரம். "இன்னா ஆயிடுச்சி இப்போ?"

ஆனது. முதலில் வயிற்றுப்போக்கு. பிறகு வாயெல்லாம் புண், எச்சில்கூட இறங்கவில்லை. காய்ச்சலில் பிள்ளையையே அடையாளம் தெரியவில்லை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

"என்ன குடுத்தீங்க?" என்றார் டாக்டரம்மா.

"தண்ணி ஒத்துக்கல மேடம்," என்றார் மச்சான். எங்கள் வீட்டில் கொதிக்கவைத்த தண்ணீர்தான்.

"சுவரொட்டி. அரைப்பச்சையா," என்றேன் நான்.

மச்சான் என்னை ஓரமாக இழுத்தார். "வெளிய சொல்ற விசயமா மாப்ளே இது? நம்ம மரியாத இன்னா ஆவறது?"

உள்ளே அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இவருக்கு மரியாதை.

குடலில் இருந்த கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது, பார்க்கலாம், என்றார் டாக்டரம்மா. மாமியார் ஆஸ்பத்திரியே அதிர அழுதார். அந்த அழுகையில் ஒரு கிருமியும் சாகவில்லை. ஊசிதான் கொன்றது. பிள்ளை டின் பாலில் வளர்ந்தது.

பிழைத்தாள். வீட்டுக்கு விடுகிற அன்று நர்ஸ் எடைமேடையில் ஏற்றினார். இரண்டு பக்கமும் பிடித்துத்தான் ஏற்றினோம், அப்புறம் கையை எடுத்தோம். மச்சான் பின்னாலிருந்து முள்ளை எட்டிப் பார்த்தார்.

"நல்லா தேறிட்டா," என்றார்.

முப்பத்து நாலு கிலோ.