நியூட்ரல் சொன்னால் உட்காரும் மாப்பிள்ளை

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். முப்பது வருடமாக அதே வேலை, அதே தொண்டை. "கிளட்ச்ச விடாதே!" என்று வண்டிக்குள் அவர் கத்தினால் நடைபாதையில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். பழக வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் லவுட்ஸ்பீக்கர். நான் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

அப்பேர்ப்பட்டவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒரு நாயைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினார். அது அனாதை நாய்களுக்கான காப்பகத்திலிருந்து வந்தது. காப்பகத்து டாக்டரம்மா இவரிடம் கார் பழகியவர். அன்றைக்கு வாங்கிய திட்டுக்கெல்லாம் சேர்த்துப் பழிவாங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

நாய் இறங்கிய வேகத்தில் எங்கள் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது.

"ரெண்டு வீட்டுல குடுத்து ரெண்டு பேரும் திருப்பிக் குடுத்துட்டாங்க. கூண்டுல போட்டா சாப்பிடவே மாட்டேங்குது. மூணு மாசம் வச்சுப் பழக்கிவிட்டா வேற நல்ல வீடா பாத்துக் குடுப்பாங்களாம்" என்றார்.

"மூணாவது தடவையும் திரும்பி வந்தா?"

"அப்புறம் யாரு எடுப்பா? கூண்டுதான்."

"நாமளே வச்சுக்கலாம்னு ஏதாவது நெனப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"வீட்டு ஓனர்கிட்ட கேட்டுட்டேன். மூணு மாசத்துக்கு மேல ஒரு நாள்கூட கூடாதுன்னுட்டாரு."

என்னைக் கேட்பதற்கு முன்னால் வீட்டு ஓனரைக் கேட்டிருக்கிறார். இதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இரும்புப் பட்டறை ஒன்றின் பின்பக்கம் கட்டிப்போட்டு வளர்த்த நாயாம் அது. சத்தம் என்றால் ஆகாது. துடைப்பத்துக்குப் பயம், குடைக்குப் பயம், பேப்பரைப் புரட்டினால் பயம், இவர் தும்மினால் உயிரே போய்விடும். பதினோரு நாள் கட்டிலை விட்டு வரவில்லை. வேளாவேளைக்குத் தட்டு உள்ளே போகும், காலியாக வெளியே வரும். முகம் மட்டும் காட்டாது.

"புது மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் நடக்காது" என்றேன். அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மாப்பிள்ளைக்காக இவர் தொண்டையை அடக்கினார். சும்மா இல்லை, கிசுகிசுவென்று பேச ஆரம்பித்துவிட்டார். டீ வேண்டுமென்றால் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுவார். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவார். என் நாத்தனார் பதறிப்போய் எனக்கு போன் பண்ணினாள். "அண்ணி, அண்ணனுக்கு என்ன ஆச்சு? நேத்து போன்ல குரலே எழும்பல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

முப்பது வருடமாக நான் தலைகீழாக நின்றும் குறையாத சத்தம், ஒரு நாய்க்காக ஒரே வாரத்தில் குறைந்தது. வயிறு எரிந்ததா என்றால், நன்றாகவே எரிந்தது.

வேலை முடிந்து வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். நாயோடு என்ன பேசுவதென்று தெரியாமல் போக்குவரத்து விதிப் புத்தகத்தை எடுத்து மெல்லிய குரலில் வாசிப்பார். அலமாரிக்குப் போக வேண்டுமென்றால் நான் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். பன்னிரண்டாம் நாள், "வலப்பக்கம் திரும்புமுன்" என்று அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கறுப்பு மூக்கு வெளியே வந்து அவர் கையை நக்கியது. அவர் அசையவில்லை, மூச்சுகூட விடவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது. அன்றைக்கு எனக்கு ஏனோ வயிறு எரியவில்லை.

அதன் பிறகு இரண்டு பேரும் தினமும் காலையில் நடக்கப் போனார்கள். இரண்டு மாதம் முடிந்ததும் டாக்டரம்மா பார்க்க வந்தார். மாப்பிள்ளை கூடத்தில் கம்பீரமாக நின்றது.

"உக்காரு" என்றார் டாக்டரம்மா. மாப்பிள்ளை அவர் முகத்தையே பார்த்தது.

"உக்காரும்மா செல்லம்." அதற்கும் அசையவில்லை.

இவர் பக்கத்தில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, "நியூட்ரல்" என்றார். டக்கென்று உட்கார்ந்தது. "ஃபர்ஸ்ட்" என்றார். எழுந்து நடந்தது. "ரிவர்ஸ்" என்றதும் தன் படுக்கைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

"சார், இதை நான் எந்த வீட்டுக்குக் குடுக்கிறது? மெக்கானிக் வீட்டுக்கா?"

"எனக்கு வேற என்னங்க தெரியும்?" என்றார் இவர் பரிதாபமாக. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒருவர் கிடைத்தார். வேறு ஊரில் தனியாக இருக்கும் தையல்காரம்மா. முட்டி வலிக்காரர், மெதுவாகப் பேசுகிறவர், ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காதவர். ஒரு வாரம் இங்கே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து பழகினார். இவர் பழைய வழக்கப்படி நோட்டுப் போட்டுப் பாடம் எடுத்தார்.

"தம்பி, நான் நாய் வாங்க வந்தேன். நீங்க லைசென்ஸ் குடுத்து அனுப்புவீங்க போலிருக்கே" என்றார் அந்த அம்மா.

முதல் நாள் ஃபர்ஸ்ட்டையும் ரிவர்ஸையும் மாற்றி மாற்றிச் சொன்னதில் மாப்பிள்ளை படுக்கைக்கும் வாசலுக்கும் அலைந்து களைத்துப்போனது. இவர் கத்துவதற்கு வாயைத் திறந்து, நாயைப் பார்த்து மூடிக்கொண்டார். அப்படி நாலு தடவை.

கூட்டிப்போகும் நாளும் வந்தது. தெருவில் குழாய்க்குத் தோண்டியிருந்ததால் தையல்காரம்மாவின் வண்டி முனையில் நின்றது. அதுவரைக்கும் நடந்தே போக வேண்டும். "இழுத்துக்கிட்டு ஓடிருச்சுன்னா எனக்குப் பிடிக்கத் தெம்பில்லப்பா. அப்படி ஆச்சுன்னா மன்னிச்சுக்கணும், என்னால கூட்டிட்டுப் போக முடியாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படி ஆனால் மறுநாள் கூண்டு.

"நான் நின்னா அது போகாது" என்று சொல்லிவிட்டு இவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் ஜன்னலில் நின்றேன்.

"எங்க போகுது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இஸ்திரிக் கடையைத் தாண்டிருச்சு."

"வாலு?"

"நிமிந்துதான் இருக்கு. நச்சரிக்காதீங்க."

அந்த நேரம் பார்த்து, பள்ளத்தில் வேலை செய்த ஆள் ஒரு இரும்புக் குழாயைக் கீழே போட்டான். தெருவே அதிர்ந்தது. மாப்பிள்ளை தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. படுத்தபடியே நடுங்கியது எனக்கு ஜன்னலிலிருந்தே தெரிந்தது.

"அய்யோ, என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல! உள்ளேயே இருங்க! வெளிய வந்தீங்கன்னா நான் மனுஷியா இருக்கமாட்டேன்!"

தையல்காரம்மா கயிற்றை இழுக்கவில்லை. வலிக்கிற முட்டியைப் பிடித்துக்கொண்டு மெள்ளக் குனிந்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. அந்த அம்மா அவசரப்படாமல் நின்று, மறுபடி ஏதோ சொன்னார். அது எழுந்து அவர் பக்கத்திலேயே நடந்தது. முனை வந்தது, வண்டிக் கதவு திறந்தது, ஏறிவிட்டது.

"ஏறிடுச்சுங்க."

அப்புறம் கேட்டார்: "திரும்பிப் பாத்துச்சா?"

பார்த்தது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் மூன்று மாதம் இவர் தரையில் கிடந்தது, அது தயங்காமல் போகத்தானே?

"இல்லைங்க. ஒரு தடவைகூட திரும்பல."

"டெஸ்ட் பாஸ்" என்றார்.

பிறகு குழாயைத் திறந்துவிட்டார். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கதவைத் தட்டவில்லை. தட்டினால், நானும் அழுவது அவருக்குத் தெரிந்துவிடும்.