அசனக் குழம்பில் நான் போட்ட உப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையோரம் இருக்கும் எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தில் அன்று அசனம். சபையாரே சமைத்து, வருகிறவர்கள் எல்லோருக்கும் பரிமாறும் விருந்து அது. பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வேகும்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். எம்.ஏ., பி.எட். முடித்தவள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்துகிறேன். அந்தப் பெருமையோடு, இத்தனை பேருக்கு இவ்வளவு மிளகாய், இவ்வளவு மல்லி என்று நோட்டில் எழுதிக்கொண்டு சமையல் கொட்டகைக்குப் போயிருந்தேன்.

எங்கள் அசனத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழம்புக்கு ஒரே கைதான் உப்புப் போட வேண்டும். அந்த வருடம் அந்த வேலை ஓர் அக்காவுக்குக் கிடைத்தது. கணவரை விட்டுவிட்டு வேறொருவரோடு புனலூர் பக்கம் போய் எட்டு வருடம் இருந்துவிட்டு, அப்போதுதான் சபைக்குத் திரும்பியிருந்தார். போதகர்தான் அவரை உப்புப் போடச் சொன்னார். எனக்குப் பிடிக்கவில்லை. இவர் கையாலா என்று தோன்றியது.

அக்கா எதையும் அளக்கவில்லை. கையால் அள்ளிப் போட்டுவிட்டு விறகு தள்ளப் போனார். இதெல்லாம் எங்கே போதும் என்று நினைத்து, என் நோட்டில் இருந்த கணக்குப்படி முழு உப்பையும் நானும் போட்டுக் கிளறிவிட்டேன்.

ஆராதனை முடிய ஒரு மணி நேரம்கூட இல்லை. தலைமைச் சமையல்காரர் அண்ணாச்சி ருசி பார்த்துவிட்டுத் துப்பினார். "கடலயே கொட்டி வச்சிருக்கு. எட்டு வருசம் கழிச்சு வந்தவ கையில உப்பக் குடுக்காதியன்னு அப்பமே சொன்னேம்லா."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். நான் நோட்டைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். திறக்கவில்லை. இனி அவர் ஆலயத்துப் படி ஏறுவாரா என்பதுகூட அந்த ஒரு நொடியில்தான் இருந்தது. எனக்கோ என் மானம் பெரிதாக இருந்தது.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "என் பேர்லயே இருக்கட்டும் அண்ணாச்சி. இப்பம் கொழம்பப் பாப்போம். இன்னொரு அண்டா கொண்டாங்க." பிறகு என்னைப் பார்த்து, "ஏட்டி படிச்ச பிள்ள, நின்னு என்ன பாக்குத? தேங்காயத் துருவு" என்றார்.

குழம்பைப் பாதியாகப் பிரித்தோம். இரண்டு அண்டாவிலும் வெந்நீர், அரைத்த தேங்காய், மசாலா, உருளைக்கிழங்கு எல்லாம் சேர்த்துக் கொதிக்க விட்டோம். அண்ணாச்சி மறுபடி ருசி பார்த்தார். இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணாச்சி, ரெண்டாவது தடவ உப்பு போட்டது நான்தான்" என்றேன்.

"நோட்டுல எழுதித்தானே போட்ட?" என்றார் அவர். கொட்டகையே சிரித்தது.

"நீ போடும்போதே பாத்துட்டேன்ட்டி" என்றார் அக்கா.

"பெறகு ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. கண்ணீரும் உப்புதான. கொழம்பு தாங்காது."

குழம்பு இரண்டு மடங்காகிவிட்டதால் அன்று வழக்கத்தை விட மூன்று பந்தி அதிகம் நடந்தது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு போனவர்களையும் வண்டியை நிறுத்தி உட்கார வைத்தோம். கடைசிப் பந்தியில் எனக்கு அக்காதான் பரிமாறினார். இலையில் எலும்போடு நல்ல கறியாகப் பார்த்து வைத்தார்.

கிருபை என்றால் தகுதியில்லாதவருக்குக் கிடைக்கும் தயவு என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். படித்ததில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் நான் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஒருவர் அதைத் தன் பேரில் ஏற்றுக்கொண்டு முடித்திருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்தப் பாடத்தை நான் இலை முன்னால் உட்கார்ந்துதான் படித்தேன் என்று மனம் சந்தோஷப்படுகிறது.