ஃபிரிட்ஜ் தண்ணீருக்கு அப்பா ஷேடு பார்த்தது

துணியின் நிறத்தை அளந்து சொல்லும் மிஷின் ஒன்றை எங்கள் சாயப்பட்டறைக்கு வாங்க வேண்டும் என்பது, டெக்ஸ்டைல் படித்து முடித்த நாளிலிருந்து என் ஒரே கோரிக்கை. அப்பாவின் பதிலும் ஒன்றேதான். முப்பது வருஷமாகக் கண்ணால் பார்த்தே ஷேடு சொல்கிறவருக்கு மிஷின் எதற்கு?

அப்படியிருக்க, ஒருநாள் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் பில்டரை மாற்ற வேண்டுமாம்.

"ஊட்டுல பில்டர மாத்திக் காட்டு கண்ணு. அப்பறம் பட்டறைய மாத்தலாம்" என்றார் அப்பா.

மாற்றும் விதத்தைச் சொல்லும் வீடியோவை இரட்டை வேகத்தில் பார்த்தேன். கடைசி இரண்டு நிமிடம் எப்படியும் நன்றி வணக்கம்தான் என்று நிறுத்திவிட்டேன். பழையதைத் திருகிக் கழற்றி, புதியதைத் தள்ளிக் கால் சுற்று திருப்பினேன். 'டக்' என்றது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. பட்டறை லேபில் மிஷினை எந்த மூலையில் வைப்பது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

முதல் டம்ளர் தண்ணீரை அப்பா குடிக்கவில்லை. பால்கனி வெளிச்சத்துக்கு எடுத்துப் போய், பின்னால் ஒரு வெள்ளை பனியன் துணியைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"லைட் கிரே அடிக்குது. லாட் ரிஜெக்ட்."

பார்க்காமல் விட்ட இரண்டு நிமிடத்தை ஓடிப்போய்ப் பார்த்தேன். புது பில்டரில் இருக்கும் கரித்தூள் போக, முதல் பத்து லிட்டரைக் கீழே விட்டுவிட வேண்டுமாம்.

"பத்து லிட்டரக் கீழ உடச் சொன்னவன் எந்த ஊர்க்காரன்னு கேளு" என்றார் அம்மா. வாரம் ஒருமுறை மட்டும் தண்ணீர் வரும் எங்கள் தெருக் குழாய் அவருக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி அது. சமையலறையில் குடத்தை எடுத்துக்கொண்டு அவரே பிடிக்க ஆரம்பித்தார். லிட்டருக்கு ஒரு டம்ளர் சாம்பிள் வேண்டும் என்றார் அப்பா. அம்மா இரண்டு மூன்றாகக் கொண்டுவந்து வைக்க வைக்க, நான் நம்பர் ஒட்டினேன். சாப்பாட்டு மேஜையில் பத்து கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக நின்றன.

"அஞ்சு பரவால்ல. ஆறு, அர ஷேடு கம்மி. எட்டுல இன்னும் லேசா நிக்குது. ஒம்பது பாரு, பளிங்காட்டம். இந்த வித்தியாசத்த உன்ற மிஷின் சொல்லுமா சாமி?"

எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அதைச் சொன்னால் நான் படித்த படிப்புக்கே கேடு. மிஷின் கைவிட்டுப் போனது என்றே நினைத்தேன்.

"ஏனுங்க, அது ரெண்டும் ஒரே தண்ணிங்க" என்றார் அம்மா, குடத்தைத் துடைத்தபடி. "ஒம்பதுக்கு டம்ளர் புடிக்க மறந்துட்டனுங்க. நீங்க சத்தம் போடுவீங்கன்னு எட்டையே ரெண்டாப் பிரிச்சு ஊத்தி வெச்சேன்."

அப்பா எட்டைப் பார்த்தார். ஒன்பதைப் பார்த்தார். பத்தாவதை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"மிஷினுக்குக் கொட்டேஷன் வாங்கு" என்றார். "வந்தொடனே, அது சரியாச் சொல்லுதான்னு மொதல்ல நான் பாக்கோணும்."