பெங்களூரில் மீதமிருந்த ஒன்பது விநாடி

தொண்ணூற்றேழாம் வருஷம் டிசம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஆறு இருபதுக்கு ஜோலார்பேட்டையில் பாசஞ்சர் வண்டி ஏறினோம். டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். பெங்களூர் கன்டோன்மென்ட் வரை ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர். எங்கள் கல்லூரி கூடைப்பந்து அணியை உற்சாகப்படுத்தப் போகிற கூட்டம் நாங்கள், மொத்தம் பதினான்கு பேர். அணி முந்தின நாளே போய் லாட்ஜில் தங்கிவிட்டது.

என் பெயர் லோகநாதன். அந்தக் கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளன். பந்தை ஒருமுறைகூட வளையத்துக்குள் போட்டவனில்லை. ஆனாலும் பதினோரு வருஷமாக உள்ளூர் ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. காரணம், எண்ணுகிறவன் நான். எங்கள் மைதானத்தில் நேரம் காட்டும் போர்டு கிடையாது. மேசையில் ஒருவர் ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பார். கடைசி நிமிஷம் வந்ததும் கையைத் தூக்குவார். அந்த நொடியில் நான் என் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். கடைசிப் பத்து விநாடியை உரக்க எண்ண ஆரம்பிப்பேன். மொத்தக் கூட்டமும் கூடச் சேர்ந்துகொள்ளும். நாங்கள் முன்னணியில் இருந்தால், ‘ஒண்ணு’ சொல்லும்போது கேப்டன் பந்தை வானத்தைப் பார்த்து வீசுவான். மேசைக்காரர் ஊதுகிற விசில் அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது? என் ‘ஒண்ணு’தான் விசில்.

குப்பம் தாண்டியதும் பேச்சு கேப்டன் குமரேசன் பக்கம் திரும்பியது. மூன்றாம் வருஷம் பி.காம். படிக்கிறவன், அதிகம் பேசாதவன். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான தேர்வுக்கு அடுத்த வாரம் அவன் போக வேண்டும். அதற்குக் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவரை நாங்கள் பி.டி. சார் என்போம், ஜூன் மாதம்தான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்.

“இன்னிக்கு ஜெயிச்சா இன்னிக்கே சைன் போட்டுக் குடுத்துடுவாராம். குமரேசன் வாழ்க்கை செட்டில்டா” என்றான் பாபு. பேருந்து நிலையத்தில் டீக்கடை வைத்திருப்பவன். எங்கள் கூட்டத்தில் என்னைவிடப் பெரிய தொண்டை அவனுக்குத்தான்.

பத்தரைக்குக் கன்டோன்மென்டில் இறங்கினோம். டிசம்பர் வெயில் அங்கே வெயில் மாதிரியே இல்லை. நான்கு ஆட்டோ பிடித்தோம், ஆளுக்கு இடம் போதாமல் டிரைவர் பக்கத்திலும் ஒருவரை ஒட்டவைத்து. என் ஆட்டோக்காரர் கன்னடத்தில் ஆரம்பித்து, எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டார்.

“மேட்ச்சா? எந்த ஊரு டீமு?”

சொன்னேன்.

“இங்க நம்ம ஹுடுகரு, அதான் பசங்க, ரொம்ப ஸ்ட்ராங்கு சார். ஏமாந்தா அவ்ளோதான்.”

“அத சாயந்திரம் பாப்போம்ங்க” என்றேன் கெத்தாக. முப்பது ரூபாய் கேட்டார், இருபத்தைந்துக்கு ஒத்துக்கொண்டார்.

மூன்றரை மணி ஆட்டம். கூரை போட்ட அரங்கம், மரத் தரை, சுவரில் சிவப்பு எண்கள் ஓடுகிற மின்சாரப் போர்டு. எங்கள் ஊரில் ஆடுகிறவர்கள் முட்டி சிமென்ட்டில் தேய்ந்தே போயிருக்கும்; இந்தத் தரையைப் பார்த்துப் பாபு வாயைப் பிளந்தான். வெளியூர்க்காரர்களுக்கு ஒதுக்கிய இடம் அந்தப் போர்டுக்கு நேர் கீழே. அண்ணாந்து பார்த்தால் சுவர்தான் தெரிந்தது. “போர்டு எதுக்கு? நம்ம லோகு அண்ணன் இருக்காரு” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும் மீசையைத் தடவிக்கொண்டேன்.

ஆட்டத்தை முழுக்கச் சொல்லப்போவதில்லை, நெஞ்சு தாங்காது. கடைசி நிமிஷம் என்று மைக்கில் சொன்னபோது நாங்கள் ஐம்பத்தெட்டு, அவர்கள் ஐம்பத்தேழு. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். அரை நிமிஷம் போனதும் பந்து எங்கள் கைக்கு வந்தது. இனி அவர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தால் போதும். நடுவில் அவர்கள் பையன் ஒருவன் வழுக்கி விழுந்தான். நடுவர் விசில் ஊதினார். ஒருவர் ஓடிவந்து வியர்வையைத் துணியால் துடைத்துவிட்டுப் போனார். மறுபடி பந்து எங்களுக்கே வந்தது. குமரேசன் முதுகை எங்களுக்குக் காட்டி, பந்தைத் தட்டிக்கொண்டே நின்றான். நான் ஆரம்பித்தேன். “பத்து! ஒம்போது! எட்டு!” பதினான்கு தொண்டைகள். எதிர்ப்பக்கம் ஏதோ கத்தினார்கள். நாங்கள் இன்னும் கத்தினோம். ‘ஒண்ணு’ என்றதும் குமரேசன் பந்தைக் கூரையைப் பார்த்து வீசினான்.

பந்து கீழே வந்தது அவர்கள் கையில். ஒருவன் இன்னொருவனுக்குத் தள்ளினான், அவன் நாலு எட்டு ஓடி வளையத்துக்குள் போட்டான். அதற்கும் பிறகுதான் ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு.

பாபு விரித்துப் பிடித்திருந்த பேனரை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கீழே பி.டி. சார் குமரேசனிடம் விரல் நீட்டிப் பேசுவது தெரிந்தது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை.

ஐந்தரைக்கு ஆஸ்டின் டவுனுக்கு நடந்தோம். பாபுவின் அக்கா செல்வி அங்கேதான் குடும்பம் நடத்துகிறார்; எங்களுக்கு இரவு சாப்பாடும் படுக்கையும் அவர் வீட்டிலும் பக்கத்துச் சங்கக் கட்டடத்திலும். வழி நெடுகப் பிரேதப் பரிசோதனைதான். முதலில் நடுவரைத் திட்டினோம். பிறகு தரை வழுக்கல் என்றோம். மதியம் பசங்க பிரியாணி தின்றிருக்கக் கூடாது என்றான் ஒருவன். கடைசியில் எல்லாம் குமரேசன் தலையில் வந்து இறங்கியது.

“திமிருண்ணே! கேப்டன்ற திமிரு! ஆட்டம் முடியறதுக்குள்ள ஸ்டைல் காட்றான்!” என்றான் பாபு.

“விசில் வர்றதுக்கு முன்னாடி எவன்டா அவன தூக்கிப் போடச் சொன்னான்?” இதைச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். சொன்னது மட்டுமா, மூன்று தெருவுக்கு அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆறு மணி சுமாருக்குச் செல்வி வீட்டில் டீ. சந்துக்குள் இரண்டு அறை வீடு. பாதிப் பேர் வாசலில் நின்றோம். லாட்ஜுக்குப் போய் வந்தவன் ஒரு செய்தி கொண்டுவந்தான்: பி.டி. சார் சிபாரிசுக் கடிதத்தைக் கொடுக்கப்போவதில்லையாம். பொறுப்பில்லாதவனுக்கு என் கையெழுத்து எதற்கு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம்.

“சரியாத்தான் சொல்லிக்கிறாரு” என்றான் பாபு.

“அந்தப் பையன் சாப்ட்டானா?” என்று கேட்டார் செல்வி. ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போது செல்வியின் கணவர் துரை உள்ளே வந்தார், வேலையிலிருந்து வருகிறார் என்று நினைத்தேன். இல்லை, ஆட்டத்துக்கே வந்திருக்கிறார். ஓட்டல் சலவைப் பிரிவில் வேலை. ஷிப்டு முடிந்து வரத் தாமதமாகி, கிடைத்த இடத்தில், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டார்.

“ஏன் சும்னே அந்தப் பையனப் போட்டுத் திட்றீங்க?” என்றார் என்னைப் பார்த்து, கன்னடம் கலந்த தமிழில். “நீங்க பத்துன்னு ஸ்டார்ட் பண்றப்போ போர்டுல பத்தொம்போது இருந்துச்சுண்ணா. எனக்கு நேர் எதுர்லதானே ஓடுது. எங்க பக்கம் எல்லாரும் சிரிச்சாங்க. இவங்களுக்கு எண்ணத் தெரியாதா இன்னான்னு.”

டீ டம்ளர் கையில் சுட்டதுகூட உறைக்கவில்லை. தரை துடைத்தபோது அங்கே கடிகாரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் யார் நிறுத்துகிறார்கள்? யார் விழுந்தாலும், பந்து சாக்கடையில் போனாலும் நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். என் கைக்கடிகாரமும் ஓடியது. அதன் மேல் பழி போடவும் வழியில்லை, அது சரியாகவே ஓடியது. குமரேசன் திமிரில் வீசவில்லை. பதினோரு வருஷமாக எல்லாக் கேப்டன்களும் செய்ததைத்தான் செய்தான்: என்னை நம்பினான்.

பாபு என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். “வுடுண்ணே. யாருக்குத் தெரியப் போவுது” என்றான் மெதுவாக. அவனும் சேர்ந்துதானே எண்ணினான். செல்வி இலை போட்டார். வெளியூருக்குப் போனால் தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா, படுக்க இடம் இருக்குமா என்றெல்லாம் விசாரித்துவிட்டுப் போகிறோம். அங்கே நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு காலை ஏழே காலுக்குக் கன்டோன்மென்டில் திரும்பும் பாசஞ்சர். அணியும் அதே பெட்டியில். குமரேசன் ஜன்னல் ஓரம். பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. ஒயிட்ஃபீல்டு போனது. மாலூர் போனது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அடுத்த ஸ்டேஷனில் சொல்லலாம் என்று தள்ளினேன். சொன்னால் இனி ஊரில் எந்த முகத்தோடு மைதானத்துக்குப் போவது என்ற பயம்தான், வேறென்ன. பங்காருப்பேட்டையில் வண்டி நீண்ட நேரம் நின்றது. எழுந்து பி.டி. சார் முன்னால் போய் நின்றேன்.

“சார், தப்பு என்னோடது.”

பெட்டி முழுக்கக் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் எண்ணுவதை அவர் அதுவரை வெறும் கூச்சல் என்று நினைத்திருக்கிறார். இரண்டு முறை திரும்பக் கேட்டார், கையைத் தூக்குகிறவர் யார், ‘ஒண்ணு’ என்றால் என்ன அர்த்தம் என்று.

“போர்டு இருக்கற ஊர்ல போர்டப் பாக்கணும். கேப்டன்னா அது அவன் வேலை. அடுத்த மேட்ச்சுக்கு வேற கேப்டன்தான். அதுல மாத்தமில்ல” என்றார். பையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். “ஆனா பொறுப்பில்லாதவன்னு சொன்னேன் பாருங்க, அது தப்பு.” தொடை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டு, தானே எழுந்து போய் அவனிடம் கொடுத்தார்.

பாபு அவனுக்கு வடை வாங்கிக்கொண்டு ஓடினான், நேற்று திட்டியதையெல்லாம் வடையால் அடைத்துவிடலாம் என்பதுபோல. வண்டி கிளம்பியது. நான் குமரேசன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மன்னிச்சுக்கப்பா. எனக்கே நேத்து சாயந்திரம்தான் தெரியும்.”

“எனக்கு அப்பவே தெரியும்ண்ணே. பந்தப் போட்டுட்டுத் திரும்பினேன். போர்டுல ஒம்போது.”

“அடப்பாவி! பின்ன சார்கிட்ட சொல்றதுக்கு இன்னா?”

கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வடையில் பாதியை என் பக்கம் நீட்டினான்.

“சொன்னா நீங்க இனிமே எண்ண மாட்டீங்களேண்ணே” என்றான்.