சூரைக்குழியில் சிவப்புக் கம்புகள்

இரஞ்சிதத்துக்குப் பாம்பு, யானை, பேய் எதற்கும் பயமில்லை. சிவப்புக் கம்பைக் கண்டால்தான் ஈரக்குலை நடுங்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவள் எங்கே அரண்டாள் என்று தெரிந்தால் சிரிக்க மாட்டார்கள்.

மலையகத்தில் கலவரத்துக்குத் தப்பி வடக்கே ஜெயபுரம் வந்து குடியேறிய குடும்பம் அவளுடையது. போர் முடிந்தபின் கைக்குக் கிடைத்த ஒரே வேலை மிதிவெடி அகற்றுவது. வெடி இன்னும் எடுக்காத நிலத்தின் ஓரத்தில் சிவப்புக் கம்பு நட்டிருக்கும்; அதற்கு அப்பால், கம்பியால் மண்ணைக் கிளறிப் பார்க்காமல் கால் வைக்கக்கூடாது. ஒருநாள் கூட வேலை செய்த தயாளினி வழுக்கி அப்பால் விழுந்தாள். வெடித்தது. அவளைத் தூக்க ஓடிய இன்னொருத்திக்கும் கால் போனது. விழுந்தவரிடம் ஓடக்கூடாது என்பது அன்றைக்கே இரஞ்சிதத்தின் உடம்பில் ஊறிவிட்டது.

வெடி வேலை முடிந்ததும் அவளும் புருஷன் சுதாகரனும் வவுனியாப் பக்கம் காட்டை ஒட்டிய கோல்ஃப் மைதானம் ஒன்றில் சேர்ந்தார்கள். அவன் புல்வெட்டும் மெஷின் ஓட்டினான், அவள் களை பிடுங்கினாள். அங்கே பந்து விழுகிற ஒவ்வொரு குழிக்கும் ஒரு காட்டுச்செடியின் பெயர். மரங்களுக்கு நடுவே ஒடுங்கிப் போகிற புல்வெளியின் குழிக்குச் சூரை என்று பெயர். சுற்றிலும் சூரைமுள் புதர்தான்.

ஒரு காலை அங்கே போனால் புதர் ஓரமெல்லாம் புதிதாகச் சிவப்புக் கம்புகள். மெஷின் ஆளில்லாமல் இரைந்துகொண்டு நின்றது. கம்புகளுக்கு அப்பால் சுதாகரனின் தொப்பி முள்ளில் தொங்கியது.

"இஞ்சாருங்கோ!"

கால் ஓடத் துடித்தது, உடம்பு விடவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி கத்தினாள்.

"என்ன ரஞ்சி?" புதருக்குள்ளிருந்து அவன் எழுந்தான். "சூரைப்பழம் பிடுங்கிறன், உனக்குத்தான்."

உயிரோடுதான் இருக்கிறான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. திரும்பி வர அவன் இனிக் கால் வைக்க வேண்டுமே!

"கால எடுக்காதேங்கோ! அப்பிடியே நில்லுங்கோ!"

"இது வெடிக்கம்பு இல்லயடி. பந்து இஞ்சால வந்தா தண்டமா ஒரு அடி கூட்டிக் கணக்கெடுக்க மனேஜர் நட்டது."

"நிலத்த ஆர் பாத்தது? மனேஜரோ?"

சிரித்துக்கொண்டு காலைத் தூக்கியவன் அவள் முகத்தைப் பார்த்தான். தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே வைத்தான்.

"ஓம், நிக்கிறன். நீ ஆறுதலா, மெதுவா வா."

களை கிளறும் கம்பியோடு அவள் முழங்காலில் இறங்கினாள். சாய்த்துக் குத்தி, கையால் தடவி, பிறகுதான் ஒரு சாண் முன்னே. முள் கையைக் கீறியது. கம்பி கல்லில் முட்டியபோதெல்லாம் விரலால் மண்ணை விலக்கிப் பார்த்தாள். வெயில் ஏறிவிட்டது. மனேஜர் வந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்ன சுதாகரன், விளையாட்டோ? வெளியில வாரும்!"

"கொஞ்சம் பொறுங்கோ சேர்," என்றான் அவன், அசையாமல். "அவ வந்துகொண்டிருக்கிறா."

ஒருவழியாகக் கம்பி அவன் செருப்பைத் தொட்டது. இரஞ்சிதம் அவனுடைய இரண்டு கணுக்காலையும் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மி அழுதாள். பழமெல்லாம் அவன் உள்ளங்கையிலேயே நசுங்கிப்போயிருந்தது.

மனேஜர் இன்னும் சிரித்துக்கொண்டு நின்றார். சுதாகரன் அவரைப் பார்க்கவில்லை. அவளுடைய முழங்கால் பதிந்த தடத்தில் மட்டும் கால் வைத்து, அவள் பின்னாலேயே நடந்து வந்தான்.