வெளுத்த மணிகள்

என் அக்கா வீட்டுக்காரருக்குச் செம்பு முலாம் பூசும் பட்டறையில் கழிவுநீர்ப் பொறுப்பு. எட்டாவதோடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், அதுவும் வேதியியலில். ஆனாலும் அங்கே கழிவுநீரிலிருந்து செம்பைப் பிரிக்கும் தொட்டியைப் பற்றி மாமாதான் எனக்கு வகுப்பெடுப்பார்.

தொட்டி நிறைய ஜவ்வரிசி போல மணிகள். இறால் ஓட்டிலிருந்து எடுத்த பொருளில் ரசாயனக் கைகளை ஒட்டிச் செய்தவை.

"சுண்ணாம்பு கும்பலா வந்தாலும் கண்டுக்காது மாப்ள. செம்பு ஒத்தையா வந்தாலும் இழுத்து உட்கார வெச்சிரும்."

செம்பைப் பிடித்துப் பிடித்து மணிகள் நீலமாகும். அமிலம் ஊற்றினால் அதைக் கக்கிவிட்டு வெளுக்கும். வம்பு அங்கேதான். வெளுத்த மணியின் கைகளை அமிலம் பிடித்துக்கொண்டிருக்கும். காரநீரில் இரண்டு மணி நேரம் அலசினால்தான் செம்புக்கு இடம்.

அன்று மூன்று மணிக்கு, பட்டறை வெளியே விடும் தண்ணீரைச் சோதிக்க அதிகாரி வருவதாக இருந்தது. கெட்டிருந்தால் பட்டறைக்குப் பூட்டு. அறிக்கையில் கையெழுத்து மாமாவுடையது. பன்னிரண்டு மணிக்கு நான் சாப்பாடு கொண்டுபோனேன். மணிகளை அமிலத்தில் வெளுக்கவைத்துவிட்டு அவர் கை கழுவித் திரும்புவதற்குள், தொட்டிக்குள் கழிவுநீர் விடும் குழாய் திறந்திருந்தது.

"யாருங்க தொறந்தது?"

"நான்தான்," என்றார் மேற்பார்வையாளர். "பளிச்சுன்னு வெளுத்திருக்கே, இன்னும் என்ன?"

"வெளுத்தா ஆச்சா? அலசவே இல்லையே!"

"குளிப்பாட்டிப் பவுடரும் போடணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமா குழாயை அடைத்தார். கழிவுநீர் போக வழியில்லாமல் முலாம் வரிசை மொத்தமும் நின்றது. மணிகளில் ஒட்டாமல், வெளியே போகும் கடைசித் தொட்டிவரை வந்திருந்த நீலத் தண்ணீரைக் கழிவுநீர்த் தொட்டிக்கே திருப்பி ஏற்றிவிட்டு, மணிகளை அலச ஆரம்பித்தார். முதலாளி ஓடிவந்து கத்தினார்.

"சார், அமிலம் இருந்தா செம்பு ஒட்டாது..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ யாரு தம்பி நடுவுல?"

என் பட்டம் அதோடு வாயை மூடிக்கொண்டது.

இரண்டரைக்கு மாமா குழாயைத் திறந்தார். அதிகாரி எடுத்த தண்ணீரில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"பாத்தீங்களா சார்? தண்ணி நல்லாத்தான் இருக்கு," என்றார் மேற்பார்வையாளர். "வீணா ரெண்டு மணி நேரம் வரிசையை நிறுத்திட்டான்."

முதலாளி தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மாமாவை மெருகு போடும் பக்கம் தள்ளினார்கள். குழாய் மேற்பார்வையாளர் கைக்குப் போனது. மாதக் கடைசியில், கையெழுத்துக்கு மட்டும் அறிக்கை மாமாவிடமே வந்தது.

"தொட்டியைப் பாக்குறவரே போடட்டும்," என்று அதைத் திருப்பி அனுப்பினார்.

கையெழுத்துப் போடாதவன் வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டாராம் முதலாளி. மூன்று நாளாக வீட்டில்தான் இருக்கிறார்.